தண்ணி கொடுத்த வாள்

வாளின் முனையைச் சுவரில் ஊன்றி அழுத்தினான் கம்பிக்காரன். அது வில்லாக வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது. அவனுக்குப் பிடிக்கவில்லை.

“என்ன மேடம் இது? சவலைப் பிள்ளை மாதிரித் துவளுது.”

“வளையணுங்க. வளையலன்னாதான் கோளாறு” என்றாள் கோச்.

விளையாட்டுக் கூடத்தின் மேசை முழுக்க வாள்கள் கிடந்தன. வாள் என்று சொன்னாலும் கூர் கிடையாது. விரல் கனம்கூட இல்லாத நாற்கோணக் கம்பி, கை காக்க ஒரு கிண்ணம், பிடிக்க ஒரு கைப்பிடி. ஃபாயில் என்று பெயர். அதன் முனை எதிராளியின் நெஞ்சிலோ வயிற்றிலோ முதுகிலோ பட்டால் புள்ளி. பிள்ளைகள் கோச்சக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண் ஒரு காலத்தில் ஆடியவள். இப்போது இடது முழங்கால் மடங்காது. மடங்காத காலோடு மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“பயிற்சிக்கு ஒண்ணு, போட்டிக்கு ஒண்ணு. போட்டி வாள்ல நுனியில பட்டன் இருக்கும், உள்ள ஒயர் ஓடும். பட்டா விளக்கு எரியும். அதைத் தினமும் போட்டு அடிச்சா நுனி செத்துப்போகும். தினப்படிக்கு இந்தச் சாதா வாள். நுனியில ரப்பர் குமிழ்தான். தினமும் இதால ஒருத்தி நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கணும். அதனால மெத்துன்னு வளையறதாப் பாத்து எடுங்க.”

கம்பிக்காரன் தலையை ஆட்டினானே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை. இருபது வருஷமாகக் கட்டடங்களுக்குக் கம்பி வளைக்கிறவன். லாரியிலிருந்து இறங்கும் கம்பிக் கட்டுகளைக் கண்ணால் பார்த்தே நல்லது கெட்டது சொல்லுவான். கையால் அழுத்தினால் வளையும் கம்பியை அவன் கம்பி என்றே ஒப்புக்கொள்ள மாட்டான். விறைப்பான ஒன்றைத் தேடி எடுத்து மகளிடம் நீட்டினான்.

“இந்தா, இது ஆம்பளை.”

அவனுடைய மகளைக் கூடத்தில் எல்லாரும் நெட்டை என்பார்கள். அப்பனைவிட ஒரு பிடி உயரம். அவள் அதைத் தொடவே இல்லை. வேறொன்றை விரல் மேல் படுக்க வைத்து, எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது என்று பார்த்தாள். அப்புறம் காற்றில் இரண்டு குத்து குத்தினாள்.

“இதுதான்ப்பா. பிடிக்கப்போறது நான்.”

“குத்து வாங்கப்போறது நான்” என்றது ஒரு குரல். நெட்டையின் தோள் உயரம்கூட இல்லாத சுண்டு. இருவரும் ஒன்றாகவே சேர்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் குத்தியே பழகியவர்கள். “என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேக்குறீங்களா? இது பொண்ணு பாக்குறப்போ பொண்ணைத் தவிர எல்லாரையும் கேக்குற மாதிரி.”

கூடமே சிரித்தது. சுண்டுவின் அம்மா, கான்கிரீட் மிக்சரில் மண்ணும் ஜல்லியும் கொட்டுகிறவள், மகளின் மண்டையில் ஒன்று போட்டாள். “வாயி, வாயி! அண்ணே, நீங்க எடுங்க. இவ கெடக்கா.”

நெட்டை தேர்ந்த மெத்தென்ற வாள்தான் வீட்டுக்குப் போனது. கூடவே ஒயர் ஓடும் போட்டி வாளும். அதை அவள் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

சில வாரங்களில் பயிற்சி வாள் ஒரு பக்கமாக வளைவு பிடித்தது. எல்லா ஃபாயிலுக்கும் வருவதுதான். செருப்புக்கு அடியில் வைத்து மெல்ல இழுத்து நிமிர்த்திக்கொள்ளக் கோச் கற்றுக்கொடுத்திருந்தாள். நெட்டையும் அப்படித்தான் செய்துவந்தாள். இழுத்தால் நிமிரும், ஆடினால் மறுபடி வளையும்.

ஒருநாள் பயிற்சிக்குப் போகிற வழியில், அப்பன் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கக் கட்டடத்துக்கு வந்தாள். பையோடு வாளும் இருந்தது. கொத்தனார் அதை வாங்கி ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பார்த்தார்.

“அடடா! ஊருக்கெல்லாம் கம்பி வளைக்கிறவன் வீட்டுல கம்பி தானாவே வளையுதுடா!”

“கூலி மிச்சம்ல?” என்றான் சாரம் கட்டுகிறவன்.

“பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்த கம்பியா இது? நாளைக்கு நம்ம தூணு என்ன கதியாகும்?”

கம்பிக்காரனும் சேர்ந்துதான் சிரித்தான். அவர்கள் மறுநாளும் அதையே சொன்னார்கள். வேலைத்தலத்தில் ஒரு கேலி கிடைத்துவிட்டால் கட்டடம் முடியும்வரை விட மாட்டார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, பயிற்சியும் இல்லை. மகளைக் கேட்காமல் வாளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். மதியம் எல்லாரும் நிழலில் சாய்ந்திருந்தபோது கேஸ் அடுப்பைப் பற்றவைத்தான். கடப்பாரை முனை மழுங்கினால், உளி மழுங்கினால் அவன்தான் பார்ப்பான். தீயில் சிவக்கவைத்து, தட்டி, நுனிக்குத் தண்ணி கொடுப்பான், அதாவது தண்ணீரில் முக்கி இறுக வைப்பான். அவன் தண்ணி கொடுத்த உளி கருங்கல்லில் இறங்கும் என்று மற்ற கட்டடங்களிலிருந்துகூடக் கொண்டுவந்து தருவார்கள். அந்தக் கைதான் இப்போது வாளின் வளைவைத் தீயில் காட்டியது. கனலாகச் சிவந்ததும் இரும்புக் கட்டையில் வைத்து நாலு தட்டுத் தட்டினான். நூல் பிடித்த மாதிரி நேராயிற்று. அப்படியே தண்ணீர் வாளியில் முக்கினான். சுர்ரென்றது.

உளிக்குத் தண்ணி கொடுத்தபின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனிக்கு ஓடிவந்து அதன் விறைப்பைக் கொஞ்சம் தணிக்கவேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். வாளோ மெல்லியது, முழுசாகக் குளிர்ந்துவிட்டது. காத்திருக்க அதில் எதுவும் மிச்சமில்லை. அது அவனுக்கு ஒருகணம் உறுத்தியது. கல்லையா உடைக்கப்போகிறது என்று விட்டுவிட்டான். தீப்பட்ட இடத்தில் ஏறியிருந்த கறுப்பையும் நீலத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். சுவரில் ஊன்றி அழுத்திப் பார்த்தான். கொஞ்சம்தான் வளைந்தது. கொத்தனாரிடம் நீட்டினான்.

“இப்ப பாரும்யா.”

கொத்தனார் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “ம். இதுதான் கம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும்.

நெட்டை வாளைப் பார்த்துத் துள்ளினாள். “ஆணி மாதிரி நிக்குதுப்பா! எப்படிப் பண்ணினே?”

“தொழில் ரகசியம்.”

அடுத்த வாரம் முழுக்க அந்த வாளால்தான் ஆடினாள். சுண்டு மட்டும் ஒவ்வொரு குத்துக்கும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள். “உங்கப்பா என்னடி செஞ்சார் இதுக்கு? முன்ன விருந்தாளி மாதிரி வந்து தொட்டுட்டுப் போகும். இப்ப கடன்காரன் மாதிரி வந்து இடிக்குது.” இடித்ததைச் சொன்னாளே தவிர முறையிடவில்லை. ஜல்லித் தட்டு சுமக்கிறவள் பெற்ற பிள்ளை. கன்றிப்போவதற்கெல்லாம் அந்த வீட்டில் அழ மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்கு முந்தின புதன்கிழமை கம்பிக்காரன் வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போகக் கூடத்துக்கு வந்தான். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். முகத்தில் வலைக்கூடு மாட்டிய இரண்டு வெள்ளை உருவங்கள் முன்னும் பின்னும் போய் வந்தன. நெடியது பாய்ந்தது. குள்ளமானது பின்வாங்கவில்லை, எதிரே வந்தது.

சத்தத்தை அவன்தான் முதலில் அடையாளம் கண்டான். உளி முறிகிற சத்தம்.

ரப்பர் குமிழோடு முன்பாதி தரையில் துள்ளிப்போய் விழுந்தது. பின்பாதி நெட்டையின் கையில் இருந்தது. பாய்ந்த வேகம் நிற்காமல் அது சுண்டுவின் அக்குளுக்குக் கீழே சட்டையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

சுண்டு கத்தவில்லை. “ஏய், என்னமோ சூடா இருக்குடி” என்றாள். அதற்குள் வெள்ளைச் சட்டை சிவந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், “இன்னும் ஒரு விரக்கடை உள்ள போயிருந்தா நாம இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்” என்றார். நெட்டை வாசலில் சுவரைப் பார்த்து நின்றாள். கைகளைக் கழுவச் சொல்லியும் கழுவவில்லை. கோச் அவளிடம் போனாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

“எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? ஒட்டிப்போய்க் குத்தாதே, கை மடங்குற தூரம் விடுன்னு. வாள் சும்மா முறியாது. தூரம் தெரியாதவ குத்தினாத்தான் முறியும். ஞாயித்துக்கிழமை நீ வர வேணாம். மத்தவ உசுரு விளையாட்டுப் பொருள் இல்ல.”

“சரிக்கா” என்றாள் நெட்டை.

கம்பிக்காரன் பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறந்தான். கோச் ஒரு துணிச்சுருளை அவனிடம் நீட்டினாள்.

“முறிஞ்ச துண்டு. பிள்ளைங்க கையில கிடைக்க வேணாம். உங்க சைட்ல பழைய இரும்போட போட்டுருங்க.”

அவன் வாங்கிக்கொண்டான். திறந்த வாய் மூடிக்கொண்டது.

சுண்டுவின் அம்மா அதே கட்டடத்தில்தான் கலவைக்காரி. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். மிக்சருக்கு முன்னால் அவள் தட்டைத் தூக்கும்போதெல்லாம் அவன் கம்பி மேசைமேல் குனிந்துகொண்டான். மதியம் அவளே தேடி வந்தாள்.

“அண்ணே, சோறு இறங்குச்சா உங்களுக்கு? மூஞ்சி செத்துப்போயிருக்கு.”

“சின்னவ எப்படி இருக்கா?”

“அவளுக்கென்ன. ஒத்தைக் கையால டிவி ரிமோட்டை ஆட்டிக்கிட்டு மகாராணி மாதிரி இருக்கா.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நெட்டையை வையாதீங்கண்ணே. விளையாட்டுல பட்டது. வேணும்னா செஞ்சா? அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில நின்ன நிலை என் கண்ணை விட்டுப் போகல. கோச்சம்மாகிட்ட நானே பேசுறேன், போட்டிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி.”

அவள் தன் தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி அவன்முன் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் காலடியில் கிடந்த பைக்குள் அந்தத் துணிச்சுருள் இருந்தது. பத்தடி தள்ளிப் பழைய இரும்புக் குவியல். முறிந்த கம்பியும் நசுங்கிய தகரமும் மலையாகக் கிடந்தன. சாயந்திரம் லாரி வரும், அள்ளிக்கொண்டு போகும். உலையில் போனால் வாளும் ஒன்றுதான், ஆணியும் ஒன்றுதான்.

சுருளை எடுத்துக்கொண்டு குவியல்வரை போனான். துணியைப் பிரித்தான். முறிந்த வாயில் இரும்பு சர்க்கரை மாதிரி மணிமணியாக இருந்தது. நல்ல இரும்பு இப்படி முறியாது, இழுபட்டு நார் நாராக வரும். அவன் கண் அதைப் படித்தது. படிக்காமல் இருக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாது. முறிவுக்குச் சற்றுத் தள்ளி, கம்பியின் மூலைவிளிம்பில் உப்புத்தாள் சரியாகப் படாத இடத்தில், நீலம் கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி சுருட்டிப் பைக்குள் வைத்தான். போடவும் இல்லை, சொல்லவும் இல்லை.

வீட்டில் நெட்டை சுண்டுவின் சட்டையை வாங்கிவந்து துவைத்துக்கொண்டிருந்தாள். கறை போகவில்லை. ஆஸ்பத்திரியில் சலவை வேலை பார்க்கும் அவள் அம்மா, “பச்சைத் தண்ணியில அலசுடி, சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் பிடிச்சுக்கும்” என்றாள். பிறகு, “அந்த வெங்காயத்தை நறுக்கிக் குடு” என்றாள்.

“நீயே நறுக்கிக்கோம்மா.”

“ஏன், கைக்கு என்ன?”

கத்தி பலகைமேல் கிடந்தது. நெட்டை அதைச் சுற்றிக்கொண்டு போனாள், நாய் படுத்திருக்கும் வழியைச் சுற்றிப்போவதுபோல. அப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்தப் போட்டி வாளை யாருக்காச்சும் குடுத்துரு.”

“ஏன்டா?”

“கோச்சக்கா சொன்னது சரி. எனக்குத் தூரம் தெரியல. அவ கிட்ட வர்றது தெரிஞ்சுது, ஆனா நிறுத்த முடியல. இன்னொரு தடவ யாரையாச்சும் கொன்னுட்டா?”

இப்போது சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

“விடு, சரியாப்போகும்” என்றான்.

சொன்ன மறுகணமே அந்த வார்த்தையைக் காறித் துப்பலாம்போல இருந்தது. மகள் எழுந்து போய்விட்டாள். அவன் மனைவி அவனையே பார்த்தாள்.

“நீங்க ஏன் அவ மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குறீங்க?”

வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வரச்சொல்லிக் கோச் இரு வீட்டாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். கலவைக்காரி பேசியிருந்தாள். ஆனால் கோச் மசிவதாக இல்லை. சுண்டு கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நெட்டை கடைசியில், கதவோரம்.

“மேடம், நானே சொல்றேன், என் பொண்ணுக்குக் கோபம் இல்ல” என்று தொடங்கினாள் கலவைக்காரி. “இந்தப் பிள்ளை மேல தப்பு—”

“அவ மேல தப்பு இல்ல” என்றான் கம்பிக்காரன்.

எழுந்துபோய்த் துணிச்சுருளை மேசைமேல் பிரித்தான்.

“நான்தான் இதைத் தீயில காட்டினேன். வளைவு எடுக்க. சிவக்க வச்சு, தட்டி, தண்ணி குடுத்தேன். உளிக்குக் குடுக்குற மாதிரி. அதுல விறைச்சுப்போச்சு. விறைச்சது முறியும். இதோ, நீலம் ஏறியிருக்கு பாருங்க. அவ சரியான தூரத்துலதான் குத்தினா. யார் குத்தியிருந்தாலும் முறிஞ்சிருக்கும்.”

கோச் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். உதடு வெளுத்தது.

“வாளுக்குத் தீயா? சூடு காட்டவே கூடாதுங்க. வளைஞ்சா இழுத்து நிமித்தணும், முடியலன்னா தூக்கிப்போடணும்.” அப்புறம் துண்டை வைத்துவிட்டு நெட்டையைப் பார்த்தாள். “ஒவ்வொரு வாளையும் வளைச்சுப் பாத்துட்டுத்தான் நான் உள்ள விடணும். அன்னைக்குப் பாக்கல. பாக்காம உன்னைச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நீ வர்ற.”

கலவைக்காரி மேசைக்கு வந்தாள். சிமென்ட்டில் வெடித்த விரலால் முறிந்த முனையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அவனைப் பார்த்தபோது ‘நீங்க’ போய்விட்டது.

“கல்லு உடைக்கிற உளின்னு நெனச்சியா? அந்தப் பக்கம் நின்னது என் பொண்ணு.”

“தெரியாம—”

“முறிஞ்சது தெரியாம. சரி. நேத்து என் சோத்தைத் தின்னியே, அதுவும் தெரியாமத்தானா?”

அந்தச் சோற்றை அவன் உண்மையிலேயே தின்றிருந்தான்.

நெட்டை கதவோரத்திலிருந்து வந்தாள். அழுவாள் என்று நினைத்தான். கட்டிக்கொள்வாள் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவள் கண் காய்ந்திருந்தது.

“ஆஸ்பத்திரியிலேயே தெரியுமா உனக்கு?”

“சத்தம் கேட்டப்பவே.”

“நான் கொலைகாரின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா. உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நீ ‘விடு’ன்னு சொன்னே.”

சுண்டுதான் வாயைத் திறந்தாள்.

“சரி, இப்ப இவ எதை வச்சுப் பழகுவா? நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு. போட்டி வாளையும் எடுத்துட்டு வந்து தீயில காட்டிரப்போறாரு.”

கோச் தன் பெட்டியிலிருந்து பயிற்சி வாள்களை அள்ளி மேசைமேல் போட்டாள். நெட்டை ஒன்றை எடுத்தாள். பிடி பிடித்ததும் கை விறைத்தது. மற்றப் பெண்களில் ஒருத்தி எதிரே வந்து நின்றாள். நெட்டையால் கையை நீட்ட முடியவில்லை. வாளைக் கீழே இறக்கினாள்.

“முடியலக்கா.”

கம்பிக்காரன் சுவரில் தொங்கிய பெரிய சட்டையை எடுத்தான். கோச் ஒரு காலத்தில் போட்டுக்கொண்டு பாடம் எடுத்தது, நெஞ்சில் கனமான தோல் வைத்தது. தோளை நுழைத்தான். முதுகில் ஜிப் ஏறவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து, சட்டையை வெடுக்கென்று இழுத்து, மூச்சுத் திணற மேலே ஏற்றியது. திரும்பிப் பார்த்தான். கலவைக்காரி அதற்குள் பெஞ்சுக்குப் போய்விட்டாள். கோச் ஒவ்வொரு வாளையும் வில்லாக வளைத்துப் பார்த்துவிட்டு நெட்டையிடம் கொடுத்தாள். அவன் தலையில் வலைக்கூட்டை மாட்டிவிட்டாள்.

“என் மேல குத்திப் பாரு” என்றான். “எது ஆகும்னு நான் சொல்றேன்.”

முதல் குத்து தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது.

“எப்படி?” என்றாள் சுண்டு பெஞ்சிலிருந்து, நீதிபதி மாதிரி.

“பரவால்ல.”

“பொய் சொல்லாத அண்ணே” என்றாள் கலவைக்காரி. “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு.”

“வலிக்குது.”

“அடுத்தது” என்றாள் சுண்டு.

அடுத்தது இன்னும் இடித்தது. அதற்கடுத்தது விலாவில் இறங்கி மூச்சை நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் அவன் உள்ளதைச் சொன்னான். தன் மகள் பாய்ந்து வருவதை எதிரே நின்று பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. சுண்டு தினமும் பார்த்தது இதைத்தான். நெட்டையின் கை மெல்ல மெல்லத் தன் வேகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு வாள் வந்தது. முனை நெஞ்சைத் தொட்டதும் கம்பி முழுக்க மேல்நோக்கி வில்லாக எழுந்து, குத்து முழுவதையும் தானே வாங்கிக்கொண்டது. அவனுக்கு ஒரு விரல் தொட்டமாதிரிதான் இருந்தது.

“வளையுது” என்றான். “இதுதான்.”

“நிச்சயமா?” என்றாள் சுண்டு.

“நிச்சயமா.”

தேர்ந்தாகிவிட்டது. கோச் மற்ற வாள்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அவன் வலைக்கூட்டைக் கழற்றக் கையைத் தூக்கினான். எதிரே நெட்டை இன்னும் வாளை இறக்கவில்லை. முகம் வலைக்குப் பின்னால் தெரியவில்லை. பின்னங்காலை ஊன்றி மறுபடி நிலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கையை இறக்கிக்கொண்டு நின்றான்.